வெள்ளாமை வீடு வந்தும் கை வெறுங்கையாய் இருப்பது ஏன்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஓர் ஊர்ப்புறத் தொகுதியில் ஒரு வேட்பாளர் கேட்ட கேள்வி

முந்நூற்றைம்பது ஏக்கர் நிலம். கரிசல் போலக் கறுத்த மண். காலத்தில் பெய்கிற மழை. வாசலில் டிராக்டர், கொட்டகையில் அறுவடை இயந்திரம். இப்படி இருக்கிற ஒரு சம்சாரிக்கு என்னங்க கவலை இருக்கப் போகுது? அமெரிக்க உழவரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

ஆனால் 2018இல் அந்த நாட்டின் நடுப்பகுதியில் நடந்த ஒரு நாடாளுமன்றத் தேர்தலில், ஒரு வேட்பாளர் ஊர் ஊராகப் போய்ப் பேசியது முழுக்க அந்தச் சம்சாரியின் கவலையைத்தான். விளைச்சல் இருக்கு, விலை இல்லை. விதை விற்கிறவரும் நாலு பேர், விளைச்சலை வாங்குகிறவரும் நாலு பேர். உடம்புக்கு வந்தால் நிலத்தை விற்க வேண்டிய நிலை. குடிக்கிற தண்ணியில் உரம். படித்த பிள்ளைகள் ஊர் திரும்புவதில்லை. கேட்டால் நம் ஊர்ச் சாவடியில் பேசுகிற பேச்சு மாதிரியே இருக்கும்.

அந்த வேட்பாளரின் பெயர் ஜே.டி. ஸ்கோல்டன். போட்டியிட்டது அயோவாவின் நான்காவது தொகுதியில். அவர் தோற்றுத்தான் போனார். ஆனாலும் அவர் முன்வைத்த வேலைகளின் பட்டியலையும், அந்தத் தொகுதியின் கதையையும் இயற்கை வழியில் உழவு செய்கிற நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டே பயிர், இரண்டரைக் கோடிப் பன்றி

அயோவாவில் வாழும் மக்கள் சுமார் 32 லட்சம். அங்கே எந்த நேரமும் பண்ணைகளில் இருக்கும் பன்றிகள் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் மொத்தப் பரப்பு 3.6 கோடி ஏக்கர். அதில் ஏறத்தாழ 1.3 கோடி ஏக்கர் மக்காச்சோளம், ஒரு கோடி ஏக்கர் சோயா. அந்த மக்காச்சோளத்தில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். ஆனால் அந்த வயலுக்கு நடுவே குடியிருக்கிற குடும்பம் காய்கறிக்கும் ரொட்டிக்கும் கடைக்குப் போகிறது.

இந்த மாநிலத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக் பிறந்தது அயோவாவில். அவர் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அந்தப் பரிசுக்கான அமைப்பின் தலைமையிடம் இன்றும் அயோவாவின் தலைநகரான டெ மொய்னில்தான் இருக்கிறது. கலப்பின விதை, உப்பு உரம், ஒற்றைப் பயிர் என்று நமக்குச் சொல்லப்பட்ட பாதையில் நமக்கு முன்னால் வெகுதூரம் நடந்து போனவர்கள் அவர்கள். அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிய வேண்டுமானால் அவர்களைப் பார்த்தால் போதும்.

1982இல் அயோவாவில் பன்றி வளர்த்த குடும்பங்கள் சுமார் 49,000. 2017 கணக்கெடுப்பில் அது 6,000க்கும் கீழே இறங்கிவிட்டது. பன்றியின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருக்கிறது. வளர்க்கிற குடும்பம்தான் பத்தில் ஒன்றாகிப் போச்சு. 1998 டிசம்பரில் பன்றி விலை ஒரு பவுண்டு உயிர் எடைக்குப் பத்து சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அடியில் சிறு பண்ணையாளர்கள் ஏராளமானோர் தொழிலை விட்டார்கள். நிலைத்தவர்களில் பலர் ஒப்பந்தத்துக்குள் போனார்கள். குட்டி கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும், கொட்டகை கட்டிய கடனும், குவிகிற சாணமும் உழவருடையது. நம் ஊரில் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேனில் வந்த வேட்பாளர்

நான்காவது தொகுதி அப்போது 39 மாவட்டங்களைக் கொண்டது. மாநிலத்தின் வடமேற்கும் வட நடுப்பகுதியும் அதில் அடங்கும். சூ சிட்டி, ஏம்ஸ், மேசன் சிட்டி, ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிற்றூர்கள். காலங்காலமாகப் பழமைவாதக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் பகுதி. 2016இல் டிரம்ப் இங்கே 27 புள்ளிகள் வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார். 2003 முதல் உறுப்பினராக இருந்தவர் ஸ்டீவ் கிங். குடியேறியவர்களுக்கு எதிரான பேச்சுக்காக நாடு முழுக்க அறியப்பட்டவர். இத்தனைக்கும் ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களின் இறைச்சி ஆலைகள் ஓடுவதே குடியேறி வந்த தொழிலாளர்களால்தான்.

ஸ்கோல்டன் உழவர் இல்லை. சூ சிட்டியில் வளர்ந்தவர், பல நாடுகளில் பேஸ்பால் ஆடிய பந்துவீச்சாளர், பிறகு வழக்குரைஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குடும்பத்துக்குப் பண்ணை உண்டு. ஊருக்குத் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொள் என்று பாட்டி சொன்னதே தன்னைத் திரும்ப வைத்தது என்பார். திரும்பி வந்தவருக்கு நல்ல வேலை கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அரசியலுக்கு வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

படுக்கை வசதியுள்ள ஒரு வேனை வாங்கி அதற்கு 'சூ சிட்டி சூ' என்று பேர் வைத்தார். அந்த வண்டியைத் தயாரிக்கும் வின்னிபேகோ நிறுவனமும் அப்போது இந்தத் தொகுதியில்தான் இருந்தது. பெரிய கடைகளின் வாகன நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுத் தூங்கி, 39 மாவட்டங்களையும் திரும்பத் திரும்பச் சுற்றினார். கம்பெனிகளின் அரசியல் நிதிக் குழுக்களிடம் காசு வாங்க மாட்டேன் என்று அறிவித்தார். அவர் சொன்னவற்றைச் சுருக்கினால் மூன்று வேலைகள்: மருத்துவத்தைச் சரிசெய்வது, உழைக்கிறவருக்குப் பயன்படும் பொருளாதாரத்துக்காகப் போராடுவது, மக்களாட்சியைப் பெரும்பணத்திடமிருந்து காப்பது. நமக்கு முக்கியமானது நடுவில் உள்ளது. அதிலிருந்து தொடங்குவோம்.

முதல் சிக்கல்: சந்தையில் போட்டி இல்லை

2012 வறட்சியின்போது ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது சுமார் 25 கிலோ, ஏழு டாலரைத் தாண்டியது. 2018இல் மூன்றரை டாலரைச் சுற்றி நின்றது. விதை விலை அப்படி இறங்கவில்லை. ஏக்கருக்கு விதைக்கு மட்டும் சுமார் நூறு டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விற்கிற பொருளின் விலை பாதியாகிறது, வாங்குகிற பொருளின் விலை நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்?

ஸ்கோல்டன் சொன்ன பதில் எளிமையானது: இரண்டு பக்கமும் போட்டி செத்துவிட்டது. 2017இல் டவ் நிறுவனமும் டூபாண்ட் நிறுவனமும் இணைந்தன. அதே ஆண்டில் சிண்ஜென்டாவை சீன அரசு நிறுவனமான கெம்சைனா வாங்கியது. 2018இல் மான்சாண்டோவை பேயர் வாங்கியது. ஆறு பெரிய கம்பெனிகள் நான்காகச் சுருங்கிவிட்டன. விற்கும் பக்கம் போனால், நாட்டின் மாட்டிறைச்சி வெட்டும் தொழிலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நான்கு கம்பெனிகளின் கையில். பன்றி இறைச்சியில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு கம்பெனிகளின் கையில். அவற்றில் ஸ்மித்ஃபீல்டு 2013 முதல் சீன நிறுவனத்துக்குச் சொந்தம், ஜேபிஎஸ் பிரேசில் நாட்டுக் கம்பெனி. உண்பவர் செலவிடும் ஒரு டாலரில் உழவர் கைக்கு வருவது சுமார் 15 சென்ட்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் 1890இலேயே வந்தது. இறைச்சிக் கம்பெனிகள் உழவரை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள 1921இல் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கு. நடத்த ஆள் இல்லை. 2010இல் அரசே அயோவாவில் தொடங்கி நாடெங்கும் கூட்டம் போட்டு உழவர் குறைகளைக் கேட்டது. கேட்டதோடு சரி. 2016 டிசம்பரில், ஆட்சி முடியப் போகிற நேரத்தில், ஒப்பந்த உழவர்களுக்குப் பாதுகாப்பு தரும் விதிகள் வெளியாயின. அடுத்து வந்த ஆட்சி 2017 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றது. கண்காணிக்கும் தனித் துறையையும் கலைத்து வேறொன்றோடு சேர்த்துவிட்டது.

இந்தச் சட்டங்களை உயிர்ப்பிக்க வேண்டும், இணைப்புகளைத் தடுக்க வேண்டும், இறைச்சி எந்த நாட்டில் வளர்ந்தது என்று சிட்டையில் எழுத வேண்டும் என்பது ஸ்கோல்டனின் கோரிக்கை. மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அந்தக் கட்டாயம் 2015இல் நீக்கப்பட்டிருந்தது. அதனால் அயோவா உழவரின் சரக்கும் வெளிநாட்டுச் சரக்கும் கடையில் ஒன்றுபோலவே நின்றன. நல்ல பொருளை விளைவித்தும் அடையாளம் காட்ட முடியாத நிலை என்னவென்று நமக்குத் தெரியும்.

2018 ஜூலையில் வர்த்தகச் சண்டை மூண்டது. அமெரிக்க சோயாவுக்கு சீனா 25 விழுக்காடு வரி போட்டது. விலை சரிந்தது. அரசு 1,200 கோடி டாலர் வரை நிவாரணம் அறிவித்தது. காசோலை வேண்டாம், சந்தை வேண்டும் என்ற குரல் ஊர்களில் எழுந்த நேரத்தில்தான் இவருடைய வேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மருத்துவம்: உழவுக்கு வெளியே இல்லாத சிக்கல்

வேளாண் இதழில் மருத்துவம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் 65 வயதுக்குக் கீழே உள்ளவர் பெரும்பாலும் வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகத்தான் காப்பீடு பெறுகிறார். சொந்த நிலத்தில் உழைப்பவருக்கு முதலாளி ஏது? அவர் தனியே காசு கட்டி வாங்க வேண்டும், அது கட்டுப்படியாகாது. அதனால் பல உழவர் வீடுகளில் கணவனோ மனைவியோ வெளிவேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தைவிடக் காப்பீட்டுக்காகவே போகிறவர்கள் நிறைய. வெளிவேலையை விட்டுவிட்டு முழுநேர உழவுக்கு வர நினைக்கிற இளைஞரைத் தடுப்பதும் பல நேரம் இதுதான்.

பெட்ரோல் நிலையக் கடைகளுக்குள் போனால் கல்லாப் பக்கத்தில் யாரோ ஒருவரின் சிகிச்சைக்காக உண்டியல் வைத்திருப்பார்கள் என்று ஸ்கோல்டன் கூட்டங்களில் சொல்வார். ஊர்ப்புற மருத்துவமனைகள் பலவற்றில் பிரசவப் பிரிவையே மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் மருத்துவம் என்ற இலக்கை அவர் உழவுக் கொள்கையாகவே பேசினார். அது நியாயம்தான். நோய்ச் செலவுக்காக நிலம் கைமாறும் இடத்தில் மண்வளம் பற்றி யாரிடம் பேசுவது?

மண்ணும் தண்ணீரும்

வட அயோவா ஒருகாலத்தில் சதுப்பும் புல்வெளியுமாக இருந்த பூமி. நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்துத்தான் வயலாக்கினார்கள். பயிர் எடுத்தது போக மிஞ்சுகிற நைட்ரேட் அந்தக் குழாய் வழியே ஓடைக்கும், ஓடை வழியே ஆற்றுக்கும் போகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன்தான் அங்கே சட்டப்படி எல்லை. ரக்கூன் ஆற்றில் அந்த எல்லை அடிக்கடி தாண்டியதால், டெ மொய்ன் நகரக் குடிநீர் வாரியம் 2015இல் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு பியூனா விஸ்டா, சாக், கல்ஹூன் என்ற மூன்று மாவட்டங்கள். மூன்றும் இந்த நான்காவது தொகுதியில் உள்ளவை.

மாவட்டங்களின் வழக்குச் செலவை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை விடாமல் கேட்டது ஸ்டார்ம் லேக் டைம்ஸ் என்ற சின்னஞ்சிறு பத்திரிகை. மூவாயிரம் பிரதி அளவுக்கு அப்போது விற்ற குடும்பப் பத்திரிகை அது. வேளாண் வணிகத் தரப்பின் பணம் மறைவாக வந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லன் தம் தலையங்கங்களுக்காக 2017இல் புலிட்சர் பரிசு பெற்றார். வழக்கு அதே ஆண்டு தள்ளுபடியானது. ஆறு அப்படியேதான் இருக்கிறது.

மாற்று வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. மாற்று வழி அந்தத் தொகுதிக்குள்ளேயே சோதித்துக் காட்டப்பட்டது. ஏம்ஸில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ்டன் பண்ணையில் நீண்டகால ஆய்வு ஒன்று நடந்தது. மக்காச்சோளம், சோயா என்ற இரண்டாண்டுச் சுழற்சிக்குப் பதிலாக ஓட்ஸ் தானியமும் குதிரை மசால், தீவனப் பயறு வகைகளும் சேர்த்து மூன்றாண்டு, நான்காண்டுச் சுழற்சி. கூடவே மாட்டுச் சாணம். 2012இல் வெளியான முடிவு: உப்பு உரமும் களைக்கொல்லியும் பெருமளவு குறைந்தன, விளைச்சல் குறையவில்லை, நிகர வருமானமும் குறையவில்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் மாறவில்லை? இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது. வயலில் வென்ற முறை சந்தையில் தோற்கிறது. ஓட்ஸ் விளைவித்தால் பக்கத்துத் தானியக் கிடங்கில் வாங்க ஆள் இல்லை. அயோவாவிலேயே உள்ள குவேக்கர் ஓட்ஸ் ஆலைக்குத் தானியம் கனடாவிலிருந்து வருகிறது! பயிர்க் காப்பீடு, மானியம், வங்கிக் கடன், கிடங்கு, ஆலை எல்லாமே இரண்டு பயிருக்காகக் கட்டப்பட்டவை. மாடு பட்டியை விட்டுப் போனதால் தீவனப் பயிருக்கும் தேவையில்லை. உழவரைப் பார்த்து "நீ ஏன் மாறலை?" என்று கேட்பதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

மாற்றத்துக்கு உதவிய அமைப்பையும் விட்டுவைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில், உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் போட்ட வரியைக் கொண்டு 1987இல் தொடங்கப்பட்டது லியோபோல்டு நிலைத்த வேளாண்மை மையம். 2017இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கான நிதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு, மண்ணைக் காக்கும் உழவருக்குப் பணம் தரும் மத்தியத் திட்டம் ஒன்றையே நீக்கும் வேளாண் மசோதா நாடாளுமன்றக் கீழவையில் வந்தது. இதற்கு மாறாக, மண்ணைக் காப்பவருக்கு ஊதியம் தரும் திட்டங்களைப் பெருக்க வேண்டும் என்றார் ஸ்கோல்டன்.

அரசு தராவிட்டாலும் முயன்றவர்கள் உண்டு. உழவரே உழவருக்குக் கற்றுத்தரும் 'பிராக்டிகல் ஃபார்மர்ஸ் ஆஃப் அயோவா' 1985இல் தொடங்கியது, தலைமையிடம் ஏம்ஸ். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிக் தாம்சன், பூன் என்ற ஊருக்கருகே தம் வயலையே ஆய்வுக்கூடமாக்கியவர். தார்ன்டன் என்ற சிற்றூரின் பால் வில்லிஸ், பன்றிகளை மேய்ச்சலில் வளர்த்து, நைமன் ரேஞ்ச் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தனிச் சந்தை கிடைக்க வழி செய்தார். ஆனால் 2015இல் அந்த நைமன் ரேஞ்சையும் பெர்டியூ என்ற பெரிய கோழிக் கம்பெனி வாங்கிவிட்டது. நல்ல முயற்சி வளர்ந்தால் அதை வாங்கிவிடப் பெரிய கை ஒன்று காத்திருக்கிறது. தனி ஆளாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வாக்கு சொன்ன செய்தி

2018 நவம்பரில் கிங் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டி வென்றார். ஸ்கோல்டனுக்கு 47 விழுக்காடு. வித்தியாசம் சுமார் பத்தாயிரம் வாக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே கிங் 22 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தார். கிங்கின் பேச்சுகள் மீதான வெறுப்பும், அந்த ஆண்டின் எதிர்க்காற்றும் இதில் சேர்ந்திருக்கின்றன. இருந்தாலும், பழமைவாத ஊர்களில் ஏகபோகத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தது.

2020இல் கிங் சொந்தக் கட்சி முன்தேர்தலிலேயே தோற்றார். புதியவரான ரேண்டி ஃபீன்ஸ்ட்ராவிடம் ஸ்கோல்டன் 24 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அதே பேச்சு, அதே வேன். ஆனால் அதிபர் தேர்தல் ஆண்டில் கட்சிப் பற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. 2022இல் அவர் அயோவா மாநிலக் கீழவைக்குத் தேர்வானார்.

அவரை இயற்கை வேளாண்மையின் வேட்பாளர் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனாலை அவர் எதிர்க்கவில்லை. மக்காச்சோள நாட்டில் அது முடியவும் முடியாது. மரபணு மாற்று விதையைத் தடை செய் என்று அவர் கேட்கவில்லை. விதை யாருடையது என்ற நம் கேள்வியில் அவர் பாதித் தூரம்தான் வருகிறார். ஆனால் விலையை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வியில் நம்மோடு நிற்கிறார்.

பேசியது வீண் போகவில்லை. 2021 ஜூலையில் அதிபர் பைடன் போட்டிச் சந்தை பற்றிய ஆணையில் அந்த 1921 சட்டத்தின் விதிகளை வலுப்படுத்தச் சொன்னார். உழவர் தம் இயந்திரத்தைத் தாமே பழுதுபார்க்கும் உரிமையை 2023இல் கொலராடோ மாநிலம் சட்டமாக்கியது. ஆனால் ஆட்சி மாறியதும் 2025இல் பைடனின் அந்த ஆணை ரத்து செய்யப்பட்டது. 2016இல் வந்த விதிகள் பத்தே மாதத்தில் போனதை மேலே பார்த்தோம்.

நம் பங்குக்கு

பேயரும் சிண்ஜென்டாவும் நம் ஊர் விதைக்கடையிலும் இருக்கின்றன. அங்கே அவை இணைந்தால் இங்கே கடையில் தெரிவு குறைகிறது. ஆகவே அயோவாவின் பாடம் நமக்கும் பொருந்தும். மண்ணை மீட்பது நம் கையில் இருக்கிறது. அதை யாருக்கும் காத்திராமல் செய்யலாம், செய்கிறோம். ஆனால் விளைந்ததை வாங்குகிறவர் யார், எடை போடுகிறவர் யார், விலை சொல்கிறவர் யார் என்பதைச் சட்டமும் அரசியலும்தான் முடிவு செய்கின்றன. சிறுதானியத்துக்கு உமி நீக்கும் ஆலை அருகில் இல்லையென்றால், வயலில் எத்தனை சிறப்பாக விளைந்தாலும் அடுத்த ஆண்டு அந்த உழவர் மறுபடி மக்காச்சோளத்துக்குத்தான் போவார்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கடன் தள்ளுபடி உண்டா என்று கேட்கிறோம். அதோடு இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்போம். எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் கொள்முதல் செய்கிறார்கள்? ஒப்பந்தத்தில் உழவருக்கு என்ன பாதுகாப்பு? மாற்றுப் பயிருக்குக் கிடங்கும் ஆலையும் எப்போது வரும்? ஊர் மருத்துவமனையில் மருத்துவர் இருப்பாரா? பதில் சொல்லத் தெரியாதவர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும். நாம் அடுத்த முறையும் அதையே கேட்போம்.